பிரேக்கை விட்டது தப்பா? அதைவிட, இறங்கி நின்றதுதான் எனக்குக் கவலை

கேள்வி: பனியை நேரில் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் எங்கள் காரிலேயே மலைக்குக் கிளம்பினோம். நான், கணவர், அத்தை, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். போகும்போது கணவர் ஓட்டினார். மதியம் முழுக்கப் பனியில் ஆட்டம். திரும்பும்போது அவருக்குத் தலைவலி என்பதால் நான் ஓட்டினேன். ஐந்து மணி இருக்கும், வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. சாலையில் பனியெல்லாம் இல்லை, ஈரமாக மட்டும் இருந்தது. சத்தியமாக முப்பதைத் தாண்டவில்லை. இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்ததும் பெடல் கடகடவென்று உதறியது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன், உடனே திரும்ப மிதித்தேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியும் வண்டி நேராகவே போய் ஓரத் தடுப்பில் இடித்து நின்றது. பம்பரில் ஒரு மூலை உடைந்தது, ஒரு ஹெட்லைட் போச்சு. ஏர்பேக் விரியவில்லை. எல்லோரும் இறங்கி வண்டிக்குப் பின்னால் நின்று சேதத்தைப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம், இருபது நிமிடம் கழித்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மறுநாளிலிருந்து அத்தைக்குக் கழுத்து வலி, தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இது நடந்து பத்து நாளாகிறது. நான் பிரேக்கை விட்டதுதான் காரணம் என்கிறார் கணவர். விட்டு விட்டு மிதித்திருக்க வேண்டும் என்கிறார் அவருடைய அண்ணன். ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இன்சூரன்ஸ் கேட்கும்போது தானே ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்று கணவர் சொல்வது வேறு எனக்கு உறுத்துகிறது. அன்றிலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. உண்மையில் தப்பு யாருடையது? பிரேக்கில் கோளாறா? பிள்ளைகள் மறுபடி போகலாம் என்கிறார்கள், என்ன சொல்வது?

பதில்:

முதலில் அத்தையின் கழுத்து. மற்றதெல்லாம் அப்புறம். மெதுவான மோதலிலும் தலை ஒரு வெட்டு வெட்டித் திரும்பும்போது கழுத்துத் தசையும் தசைநாரும் இழுபடும், அந்த வலி பெரும்பாலும் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் வரும். அதனால் மறுநாள் ஆரம்பித்தது வியப்பில்லை, ஆனால் பத்து நாள் ஆகியும் போகவில்லை என்றால் தைலத்தோடு நிறுத்தக் கூடாது. நான் ஓட்டுநர் பயிற்சி கொடுப்பவன், மருத்துவர் இல்லை, எனவே இதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். கையில் மரத்துப்போவது, குத்துவது, பிடிமானம் குறைவது, தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், இதில் எது இருந்தாலும் இன்றைக்கே போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம், வயதானவர்களுக்குத் தலைக்குள் கசிவு வாரக்கணக்கில் மெதுவாகக்கூட வரலாம். விபத்து நடந்த விதத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், வெறும் கழுத்து வலி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, இப்போது பிரேக். உங்கள் பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் கடகட சத்தமும் காலை எதிர்த்துத் தள்ளிய உதறலும் ஏபிஎஸ் வேலை செய்ததற்கான அடையாளம். சக்கரம் பூட்டிக்கொண்டு சுற்றாமல் சறுக்க ஆரம்பித்தால் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் பயன் இருக்காது, அதனால் ஏபிஎஸ் பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கிறது, அந்தத் துடிப்புதான் பெடல் வழியாக உங்கள் பாதத்துக்கு வந்தது. நன்றாக ஓட்டுகிறவர்களிலேயே பலர் ஏபிஎஸ் துடிப்பை ஒருமுறைகூட உணர்ந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் சாதாரணச் சாலையில் அதற்குத் தேவையே வராது. முதல் தடவை உணரும் இடம் மலையில் ஐஸ் மேல் என்றால் (நீங்கள் ஈரம் என்று நினைத்தது ஐஸ், அதைப் பின்னால் சொல்கிறேன்) காலை எடுக்கத்தான் தோன்றும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அழுத்தி மிதித்துப் பிடித்துக்கொண்டு, உதறலைப் பொருட்படுத்தாமல், போக வேண்டிய பக்கம் பார்த்துத் திருப்புவது. விட்டு விட்டு மிதிப்பது ஏபிஎஸ் இல்லாத காலத்து வித்தை, உங்கள் வண்டியில் அதைச் செய்தால் தூரம்தான் கூடும். ஆக, உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி, அவருடைய அண்ணன் சொன்னது பழைய வண்டிக்குச் சரி.

ஆனால் நீங்கள் காலை எடுக்காமல் இருந்திருந்தால் இடித்திருக்காதா என்றால், கிட்டத்தட்ட நிச்சயமாக இடித்திருக்கும். இதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் முப்பதில் வரும் கார் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 5 மீட்டரில் நிற்கும். இறுகிய பனி மேல் அதே வேகத்துக்கு 18 மீட்டர் ஆகும். ஐஸ் மேல் 35 மீட்டர், அதுவும் சமதளத்தில். நீங்கள் வந்தது இறக்கம். 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்குகிற சரிவு என்றால், ஐஸ் மேல் அந்த 35 மீட்டர் 170 மீட்டருக்கும் மேலே போய்விடும். சரிவு 10 மீட்டரைத் தொட்டால் புவியீர்ப்பு இழுப்பதும் டயர் பிடிப்பதும் சரிக்குச் சரியாகி, பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். இதில் மிதித்த விதத்துக்கு எங்கே இடம்?

வளைவுக்கும் இதே கணக்குதான். 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவைக் காய்ந்த சாலையில் 36 கிலோமீட்டர் வேகம் வரை சமாளிக்கலாம். ஐஸ் மேல் அது 14. நீங்கள் முப்பதில் வந்தீர்கள். டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி, பிரேக்குக்குச் செலவழித்தது போக மிச்சம்தான் திருப்பத்துக்கு. ஐஸ் மேல் அந்தச் சம்பளமே காய்ந்த சாலையில் உள்ளதில் ஏழில் ஒரு பங்கு. பிரேக்கிலேயே எல்லாம் போய்விட்டதால் திருப்பத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, வண்டி நேராகப் போனது. முடிவு வளைவில் நடக்கவில்லை, அதற்கு முன்னால், இறக்கம் தொடங்கிய இடத்தில் மூன்றாவது கியரில் முப்பதில் விட்டபோதே நடந்துவிட்டது. (கியரை நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன்.) முப்பதுக்குப் பதில் இருபதில் வந்திருந்தால் நிற்கும் தூரம் பாதிக்கும் கீழே வந்திருக்கும்.

அப்படியானால் தப்பு உங்களுடையதா? வேகம் அந்த இடத்துக்கு அதிகம், அது உண்மை. ஆனால் அந்த இடம் என்ன என்று உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியாது. "சாலையில் பனியெல்லாம் இல்லை, ஈரமாக மட்டும் இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஈரம் இல்லை. பகலில் ஓரத்துப் பனி உருகி, நீர் சாலையின் குறுக்கே வழிந்து, வெயில் போனதும் நிழல் விழுந்த இடத்தில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. பிளாக் ஐஸ் என்பார்கள், கறுப்பாக இருப்பது ஐஸ் இல்லை, அதன் வழியாகத் தெரிகிற தார். வெள்ளையாகத் தெரிகிற பனியைப் பார்த்து எல்லோரும் பயந்து ஊர்ந்து போகிறார்கள், இதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. மேலே பனிக்குள்ளேயே பத்திரமாக ஓட்டிவிட்டுக் கீழே வரும் வழியில் இடித்துக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஈரமாகத் தெரிகிற சாலையில் முன்னால் போகும் வண்டியின் சக்கரத்தைப் பாருங்கள். ஈரம் என்றால் பொடியாகத் தண்ணீர் தெளிக்கும். பளபளக்கிறது, ஆனால் எதுவும் தெளிக்கவில்லை என்றால் ஐஸ். அதன் மேல் ஏறியதும் டயரின் உரசல் சத்தம் திடீரென்று அடங்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இதெல்லாம் காதில் விழாது, எனவே இறக்கத்தில் பாட்டை நிறுத்துங்கள். அப்புறம் டேஷ்போர்டு வெப்பநிலை. அது காட்டுவது காற்றின் வெப்பம், சாலையின் வெப்பம் இல்லை. வானம் தெளிவாக இருக்கும் மாலையில் சாலை தன் சூட்டைக் காற்றைவிட வேகமாக இழந்துவிடும், 3 டிகிரி என்று காட்டும்போதே கீழே உறைந்திருக்கலாம். பல கார்கள் 3, 4 டிகிரியிலேயே எச்சரிக்கை விளக்கைப் போடுவது அதனால்தான். பாலங்கள் இன்னும் மோசம், கீழேயிருந்தும் காற்று குளிர்விப்பதால் மற்ற சாலைக்கு முன்பே உறைந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஃபோர் வீல் டிரைவ் பற்றி: ஏறுவதற்கும் கிளம்புவதற்கும் நல்லது, நிற்பதற்கு ஒரு உதவியும் இல்லை. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான். சொல்லப்போனால் நன்றாக ஏறுகிறது என்ற தைரியத்தில் வேகமாக இறங்குகிறவர்களை அந்த வண்டிகளில்தான் அதிகம் பார்க்கிறேன்.

இனி என்னை உண்மையாகவே கலங்கடித்த வரிக்கு வருகிறேன். "எல்லோரும் இறங்கி வண்டிக்குப் பின்னால் நின்று." இருபது நிமிடம், நான்கு வயதுக் குழந்தையோடு, இருட்டுகிற நேரத்தில், ஐஸ் படிந்த வளைவின் வெளி ஓரத்தில். உங்கள் வண்டி எந்த விதியால் அந்த இடத்துக்கு வந்ததோ அதே விதியால் அடுத்த வண்டியும் அதே கோட்டில் அதே இடத்துக்குத்தான் சறுக்கி வரும், அவர் பிரேக்கை எவ்வளவு சரியாக மிதித்தாலும் சரி. நீங்கள் நின்றது உங்கள் காருக்கும் வரப்போகிற காருக்கும் நடுவில். உங்கள் மோதலில் பம்பர் உடைந்தது. அடுத்ததில் கால்கள் போயிருக்கும். வீட்டில் பத்து நாளாகப் பிரேக்கைப் பற்றியே பேசுகிறீர்கள், இதைப் பற்றி யாரும் பேசியதாகக் கடிதத்தில் இல்லை.

என்ன செய்திருக்க வேண்டும்? இடித்து நின்றதும் ஹசார்டு விளக்கு, யாருக்காவது அடியா என்று ஒரு கேள்வி. யாருக்கும் இல்லை, வண்டி ஓடுகிறது என்றால் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் மெதுவாக ஊர்ந்து, வளைவு தாண்டி அகலமான, ஐஸ் இல்லாத, பின்னால் வருபவர் தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய இடத்துக்குப் போயிருக்க வேண்டும். போட்டோவெல்லாம் அங்கே. வண்டி நகரவில்லை என்றால்தான் இறங்குவது, அதுவும் சாலையை விட்டு விலகி நிற்க இடம் இருந்தால்: வண்டிக்கு மேற்புறம், அதாவது வண்டிகள் வரும் திசையில் தள்ளி, முடிந்தால் வளைவின் உள்பக்கம். வெளிப்பக்கம் வேண்டாம், சறுக்கும் எதுவும் வெளியேதான் வரும். அப்படி நிற்க இடமே இல்லை, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம் என்றால், பெல்ட் போட்டபடி உள்ளேயே உட்கார்ந்து உதவிக்கு அழைப்பது மேல். எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும், வளைவில் வைத்தால் அதைப் பார்க்கும்போதே பின்னால் வருபவர் ஐஸில் இருப்பார். வைக்கப் போகிறவரும் சாலையின் ஓரத்துக்கு வெளியே, வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும். முடியாது என்று தோன்றினால் முக்கோணத்தை மறந்துவிடுங்கள், அது உயிரைவிடப் பெரிதில்லை.

உள்ளேயே காத்திருக்கும்போது சூட்டுக்காக என்ஜினை ஓடவிட்டால், புகைக் குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

அந்தத் தடுப்பு வளைந்ததா என்று எழுதவில்லை. வளைந்திருந்தால் காவல் துறைக்கோ சாலைத் துறைக்கோ தெரிவித்தீர்களா? பெரும்பாலான இடங்களில் அது சட்டப்படியே கட்டாயம். அடுத்து அங்கே சறுக்குகிறவரை அந்தத் தடுப்புதான் தாங்க வேண்டும். பத்து நாள் தாமதம் என்றாலும் இப்போதாவது சொல்லிவிடுங்கள்.

ஏர்பேக் விரியாததும் கோளாறு இல்லை. முன் ஏர்பேக்குகள் நடுத்தர மோதலிலிருந்துதான் விரியும்படி அமைக்கப்பட்டவை, அதாவது அசையாத சுவரில் ஏறத்தாழ 13 முதல் 23 கிலோமீட்டர் வேகத்தில் நேராக இடிப்பதற்குச் சமமான அதிர்வு வேண்டும். நீங்கள் ஒரு மூலையில், சாய்வாக, வளைந்து கொடுக்கும் தடுப்பில் இடித்தீர்கள். பெல்ட் போதுமான இடத்தில் ஏர்பேக் விரிந்தால் அதுவே முகத்தில் காயம் பண்ணும். ஆனால் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு இப்போது எரிந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள், எரிந்தால் உடனே காட்ட வேண்டும்.

வண்டியை நீங்கள் பம்பர் கணக்கில் மட்டும் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெளியே தெரியும் பிளாஸ்டிக் வெறும் உறைதான். அதற்குப் பின்னால் மோதலைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இருக்கிறது, அதற்கும் பின்னால் ரேடியேட்டர், ஏசி கண்டென்சர். வண்டி நிற்கும் இடத்தில் காலையில் தரையைப் பாருங்கள், பச்சை, சிவப்பு, நீலம் என்று எந்த நிறத்தில் சொட்டு இருந்தாலும் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசியலாம். நேரான சாலையில் ஸ்டியரிங் நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா? இடித்த பக்கத்து முன் டயரை வெளிப்பக்கம் மட்டும் இல்லாமல் உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள், எங்காவது கொப்பளம் மாதிரி உப்பியிருந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன, அந்த டயரை ஓட்டக் கூடாது. முன் பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள வண்டி என்றால் பம்பரை மாற்றியபின் அதை மறுபடி அளவு பார்த்துச் சீரமைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி தவறான நேரத்தில் பிடிக்கும், அல்லது பிடிக்காது. வீல் அலைன்மென்ட் பார்த்த அளவுத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்னவனின் இருக்கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். மோதலில் இருந்த குழந்தை இருக்கையை மாற்ற வேண்டுமா என்பதற்கு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறது. வண்டியை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போக முடிந்தது, இருக்கைக்குப் பக்கத்துக் கதவு சேதமில்லை, உள்ளே யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் விரியவில்லை, இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை. இந்த ஐந்தும் சரியாக இருந்தால் அதைச் சின்ன மோதலாக எடுத்துக்கொண்டு இருக்கையைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். உங்களுக்கு அத்தையின் கழுத்து இருப்பதால் 'காயமில்லை' என்று சொல்ல முடியாது. அதோடு சில தயாரிப்பாளர்கள் எந்த மோதலானாலும் மாற்றச் சொல்கிறார்கள். இருக்கையோடு வந்த கையேட்டைப் பாருங்கள், நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாற்றிவிடுவேன். இன்னொன்று, பனிக்குப் போன குழந்தை தடிமனான ஜாக்கெட்டோடு அப்படியே இருக்கையில் உட்கார்ந்திருப்பான். ஜாக்கெட்டோடு வாரை இறுக்கிக் கட்டுங்கள், வாரின் அளவை மாற்றாமல் அவிழ்த்து, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள். எவ்வளவு தொளதொளவென்று இருக்கிறதோ அவ்வளவு தூரம் அவன் மோதலில் முன்னால் பறப்பான். ஜாக்கெட் இல்லாமல் கட்டிவிட்டு மேலே போர்த்துங்கள்.

இன்சூரன்ஸில் உங்களுக்கு உறுத்துவது சரியாகத்தான் உறுத்துகிறது. அவர் ஓட்டியதாகச் சொல்லவே கூடாது. செல்லுபடியாகும் உரிமம் உங்களிடம் இருக்கிறது, பாலிசி உங்களுக்கும் பொருந்துகிறது என்றால் மறைக்க என்ன இருக்கிறது? அனுபவம் குறைவு என்பது குற்றமில்லை, பொய் சொல்வது மோசடி. பொய் தெரியவந்தால் இந்தக் கிளெய்ம் மட்டும் போகாது, பாலிசியே ரத்தாகலாம், போட்டோவில் டிரைவர் பக்கம் யார் நிற்கிறார் என்பது போதும் மாட்டிக்கொள்ள. உடனடியாகத் தெரிவிக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கும், பத்து நாள் போய்விட்டது, இனியும் இழுக்காதீர்கள். சர்வேயர் பார்க்கும் முன் வேலையைத் தொடங்க வேண்டாம். செலவு நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போவதையும் கணக்குப் போட்டு, கிளெய்ம் செய்யாமல் விடுவதே லாபமாக இருக்கலாம். அதைப் பம்பருக்குப் பின்னால் உள்ளே என்ன சேதம் என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள், பம்பரை மட்டும் பார்த்து இல்லை.

நீங்கள் மறுபடி ஓட்ட வேண்டும், சீக்கிரமாகவே. தள்ளிப்போடப் போட ஸ்டியரிங் பெரிதாகிக்கொண்டே போகும். வண்டி சரியாகி வந்ததும் காய்ந்த, பழகிய சாலையில், பகலில், கொஞ்ச தூரம். கணவர் கூட வந்தால் வாயைத் திறக்கக் கூடாது, முடியாது என்றால் வீட்டில் இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து, முன்னும் பின்னும் யாரும் வராத பெரிய காலி மைதானத்துக்குப் போங்கள், ஜல்லியோ ஈரமோ இருந்தால் இன்னும் நல்லது. முப்பதில் போய் பிரேக்கை உதைக்கிற மாதிரி மிதியுங்கள். பெடல் உதறும், சத்தம் வரும். காலை எடுக்காதீர்கள், முழுக்க நிற்கும் வரை. அப்புறம் அதையே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே செய்யுங்கள், பிரேக் பிடித்தபடியே வண்டி திரும்புவதைப் பார்ப்பீர்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் கொடுக்கிறேன், அந்த உதறல் பழகிய சத்தமாக மாறிவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது. கணவரும் செய்யட்டும், அவர் காலை எடுக்கிறாரா என்று பார்ப்போமே. ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு வருகிறது, காரில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம், அது என் வேலை இல்லை, அவருடைய வேலை.

பிள்ளைகளிடம் போகலாம் என்றே சொல்லுங்கள். ஆனால் டயர் மாற்றாமல் இல்லை. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் பிடிமானத்தை இழக்க ஆரம்பிக்கும், குளிர்கால டயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் அச்சிட்டிருந்தால் அது பனியில் சோதித்துத் தேறிய டயர். எம் பிளஸ் எஸ் (சேற்றுக்கும் பனிக்கும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மட்டும் இருந்தால் தயாரிப்பாளர் சொன்னது, அவ்வளவுதான். நான்கும் போடுங்கள், முன்னால் இரண்டு மட்டும் போட்டால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். மேல்பரப்பில் உள்ள பள்ளங்களின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைப் பனிக்கு எடுத்துப் போகாதீர்கள், சட்டம் 1.6 வரை அனுமதித்தாலும். குளிரில் காற்றழுத்தம் இறங்கும், 5, 6 டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ போகும், எனவே மேலே போய்ச் சேர்ந்ததும் பாருங்கள். சங்கிலி எடுத்துப் போவதானால் எந்தச் சக்கரத்தை என்ஜின் சுற்றுகிறதோ அதற்கு மாட்ட வேண்டும், அதோடு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, காய்ந்த சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும். வீட்டிலேயே வெளிச்சத்தில் ஒரு தடவை மாட்டிப் பழகுங்கள். விரல் மரத்த குளிரில், இருட்டில், கையேட்டைப் படித்துக்கொண்டு யாராலும் மாட்ட முடியாது.

கிளம்பும் நேரம்தான் முக்கியம். சாலையில் இருந்து வெயில் போவதற்குள் கீழே வந்துவிட வேண்டும், அதாவது மதியம் பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சும்போதே. கிளம்பும் முன் கூரை மேல் உள்ள பனியைத் தள்ளிவிடுங்கள், முதல் பிரேக்கிலேயே அது மொத்தமாக முன் கண்ணாடியில் சரியும். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாவது கியர், ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் மோடில் கீழ் கியர், குரூஸ் கன்ட்ரோல் (வேகத்தைத் தானாகவே பிடித்துவைக்கும் வசதி) கட்டாயம் அணைத்திருக்க வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்னால் நேர் சாலையிலேயே குறைத்து முடித்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கும் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரும் இல்லாமல் உருட்டிக்கொண்டு போங்கள். முன் வண்டி ஏதாவது ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் தாண்டும் வரை எட்டு முதல் பத்து நொடி இடைவெளி இருக்கட்டும். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்து ஹார்ன் அடித்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், அவரைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. அன்று கணவருக்குத் தலைவலி வந்த மாதிரி வந்தால், ஒரு இரவு மேலேயே தங்கிவிட்டு மறுநாள் வெயில் ஏறியபின் இறங்குவதற்கும் சேர்த்தே திட்டம் போட்டுக்கொண்டு போங்கள்.